டிராயரில் ஒரு காது

பேட்டரி கிடைக்காத ஊரில்தான் மெஷின் ஓடுகிறது. கிடைக்கிற ஊரில் எல்லாம் சும்மா கிடக்கிறது. இது எப்படி?

காலையிலிருந்து இந்த ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தராசு.

தராசு என்பது ஒரே வீட்டில் கூட இருக்கும் நாத்தனார் வைத்த பட்டப்பெயர். துணி எடுக்கப் போனால்கூட இதுவா அதுவா என்று மணிக்கணக்கில் எடை போடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்? வேலையும் அதற்குத் தோதாகவே வாய்த்துவிட்டது. எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆனால் எதை எதை இலவசமாகக் கொடுப்பது என்று யாராவது உட்கார்ந்து நிறுத்துப் பார்க்க வேண்டுமே! அந்தப் பிரிவில்தான் அவளுக்கு வேலை.

நிறுக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என்ன என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அவளும் சலிக்காமல் சொல்வாள். "ஒரே போர்வை, பெரிய குடும்பம். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் யாரோட காலோ வெளியே வரும். யாரோட கால்னு பாக்காம இழுக்கலாமா?"

இந்த முறை தட்டில் ஏறியிருந்தது காது கேட்கும் மெஷின்.

சில ஊர்களில் மையம் திறந்து, செவி மந்தமானவர்களுக்கு ஒரு வருஷம் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வீடு வீடாக ஆள் அனுப்பி இரண்டு கேள்வி கேட்டார்கள். மெஷின் போட்டால் கேட்கிறதா? அநேகமாக எல்லோரும் 'கேட்கிறது' என்றார்கள். நல்லது. இப்போது அந்த மெஷின் எங்கே இருக்கிறது? டிராயரில். அலமாரியில். மூக்குக் கண்ணாடிப் பெட்டியில். "பத்திரமா இருக்குங்க" என்று நகையைக் காட்டுவது போல எடுத்துக் காட்டியவர்களும் உண்டு.

கேட்கிறதாம். ஆனால் போடுவதில்லையாம்.

துறைமுக மையம் மட்டும் விதிவிலக்கு. அங்கே மெஷின் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைக் காதிலேயே வைத்திருந்தார்கள். அதே மெஷின், அதே பயிற்சி. போதாக்குறைக்கு, பேட்டரி சரியாக வந்து சேராத ஒரே மையமும் அதுதான்.

"யாரோ தப்பா பதிஞ்சிருப்பாங்க" என்றார் மேடம். பிரிவின் தலைவி, குழந்தை மருத்துவராக இருந்து இங்கே வந்தவர். "சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடு. வேண்டாம்னே எழுது."

"மேடம்..."

"எனக்கும் மனசில்லதான். ஆனா டிராயர்ல தூங்கற மெஷின் யாருக்கு உபகாரம்? அதே பணத்துல குறைமாசக் குழந்தைங்களுக்குச் சூடு குடுக்கற தொட்டில் வாங்கலாம். அது தூங்காது."

மேடம் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

அவள் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த டிராயர்களில் ஒன்று அவள் வீட்டு டிராயர்.

கணவர் அச்சகத்தில் மெஷின்மேன். வருஷக்கணக்காக அந்தக் கடகட சத்தத்தின் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது. ஊரில் எல்லோரையும் போல வரிசையில் நின்று அவரும் ஒரு மெஷின் வாங்கி வந்தார். 'என் வீட்டிலும் ஒருவருக்கு மெஷின் இருக்கிறது' என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அவள் எழுதியாயிற்று. எழுதலாம், முடிவெடுக்கும் குழுவில் ஓட்டுப் போடக் கூடாது என்று மேடமும் சொல்லியாயிற்று. கணவர் மெஷினை மூன்று நாள் போட்டார். பிறகு அது கண்ணாடி மேசை டிராயருக்குப் போய்விட்டது. போன வாரம் அதைப் பார்த்தவள் பொரிந்து தள்ள, அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இந்த வீட்டுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை தட்டு வைக்கிற அளவோடு சரி.

மத்தியானம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"ஏய் தராசு, வீடு பக்கந்தானே, சாப்பிட வந்துட்டுப் போ. உன் புருஷனை ஒரு தொடப்பம் வாங்கிட்டு வரச் சொன்னேன். ரெண்டு தொடப்பம், ஒரு வாளி, எலிப்பொறி ஒண்ணு வாங்கிட்டு வந்து நிக்கறான்."

"எலிப்பொறி எதுக்கு அண்ணி?"

"கடைக்காரன் என்ன கேட்டாலும் தலையாட்டியிருக்கான். நல்லவேளை, அவன் கடையையே விக்கலை."

அண்ணி சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "வந்துட்டுப் போயேன். எலிப்பொறியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றாள்.

அச்சகத்தில் மெஷின் பழுது பார்க்கிறார்கள் என்று அன்று அவருக்கு விடுமுறை. அவள் போனபோது அக்காவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எலிப்பொறி ஜன்னலில் இருந்தது. அண்ணி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தராசு வந்ததை அவர் நிழலைப் பார்த்துத்தான் அறிந்தார்.

ஒரு வாரப் பிணக்கை எங்கிருந்து பிரிப்பது? அவளுக்குத் தெரியவில்லை. சட்டென்று ஒரு யோசனை வந்தது. ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"ஐயா, வணக்கம். சுகாதாரத் துறையிலேருந்து வர்றோம்."

அவர் நிமிர்ந்து உதடுகளைப் பார்த்தார். மீசைக்குக் கீழே எதுவோ அசைந்தது.

"வாங்கம்மா. சம்சாரம் வீட்டுல இல்லை. இருந்தா உங்களை உள்ளயே விட மாட்டா."

"பொல்லாதவங்களோ?"

"எடை போட்டுடுவா."

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"காது மெஷின் போட்டா கேக்குதுங்களா?"

"நல்லா கேக்குதுங்க."

"அப்புறம் ஏன் டிராயர்ல வச்சிருக்கீங்க?"

"நல்லா கேக்குதே, அதனாலதான்."

வீடு வீடாகப் போன ஆளாக இருந்தால் 'கேட்கிறது' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். இவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்ன கேக்குதுங்க?"

அவர் யோசித்தார். அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது.

"ஃபேன் கேக்குது. குழாய்த் தண்ணி கேக்குது. என் சட்டைக் காலர் கழுத்துல உரசறது கேக்குது. அக்காவோட மெஷின் இருக்கே, அது தையல் மெஷினே இல்லை, ரயிலு."

"யாருடாது ரயிலு?" என்றாள் அண்ணி.

"குட்டி சிரிக்கறது கேக்குது. எதுக்குச் சிரிக்கறாள்னு கேக்கலை." மகளைச் சொன்னதும் குரல் தணிந்தது. "நீ பேசறதும் கேக்குது. சத்தம் வருது. வார்த்தை வரலை."

"இதை மெஷின் போட்டுவிட்டவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணு பின்னாடி நின்னுக்கிட்டு 'கேக்குதா'ன்னுச்சு. அந்த ரூம்ல ஒரு ஈ கூடப் பறக்கலை. கேட்டுது. கேக்குதுன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்குச் சொன்னீங்களே, இந்த வீட்டுல கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு..."

"ஆமா. எல்லாம் சத்தமாவே இருக்கு, அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குன்னேன். நீ என்ன நினைச்ச?"

"நான் பேசறது கேக்கறதுக்கே லாயக்கில்லைன்னு..."

"அடப்பாவிகளா!" அண்ணி சட்டையைக் கீழே போட்டாள். "ஒரு வாரமா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சது இதுக்குத்தானா?"

அவர் எண்ணெய்க் கையை வேட்டியில் படாமல், எலிப்பொறிக்குப் பக்கத்தில் கிடந்த பழந்துணியில் துடைத்தார். பிறகு அவள் கைமேல் வைத்தார்.

'கேட்கிறது' என்ற சொல்லுக்கு ரொம்பவும் தாராள மனசு. சத்தம் காதில் விழுந்தாலும் கேட்கிறதுதான். சொன்னது விளங்கினாலும் கேட்கிறதுதான். கடையில் விலை விசாரித்தாலும், பிள்ளை அம்மா பேச்சுக்குக் கட்டுப்பட்டாலும் அதே சொல். எல்லோரையும் உள்ளே விடுகிற அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு வருஷ வேலை நின்றது. சத்தம் விழுகிறவர்களும் பேச்சு விளங்குகிறவர்களும் ஒரே வாசல் வழியாக நுழைந்து, அறிக்கையின் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

காது ஒரேயடியாகச் செத்துப்போவதில்லை என்பது அவள் படித்திருந்ததுதான். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் மெல்லிய ஒலிகள்தான் போகும். ஆ, ஓ எல்லாம் தடித்த ஒலிகள். அவை தங்கிவிடும். இலக்கணத்தில் வல்லினம் என்றாலும், காதுக்கு ச, த, ப எல்லாம் மெல்லியவை. அவை உதிர்ந்துவிடும். அப்புறம் காசும் காதும் காப்பும் ஒன்றுதான், எல்லாமே வெறும் 'கா'. பெட்டியிலிருந்து எடுத்தபடி மெஷினைப் போட்டால் அது எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. தடித்தது இன்னும் தடித்து, மெல்லியதை மிதித்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். கம்ப்யூட்டரில் மாட்டி, தடித்த ஒலியை இறக்கி, மெல்லியதை ஏற்றலாம். ஆனால் எதை எவ்வளவு என்று ஈ பறக்காத அறையில் தெரியாது. ஃபேனும் குழாயும் தையல் மெஷினும் இருக்கிற வீட்டில் சில வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, இது குத்துகிறது, அது விளங்கவில்லை என்று...

"திரும்பி வந்து சொல்லணும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எங்க வரணும்?" என்றார் அவர்.

யார் திரும்பி வந்தார்கள்? மற்ற ஊர்களில் ஆறு மாதப் பேட்டரியை மொத்தமாக வாங்கிப் போனவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? பேட்டரி தீர்ந்தவர்கள்தானே வருவார்கள்!

"துறைமுகம்!"

போனை எடுத்தவள் துறைமுக மையத்தில் மெஷின் பொருத்தும் பெண். தலைமை அலுவலகம் என்றதுமே படபடவென்று ஆரம்பித்துவிட்டாள்.

"பேட்டரி விஷயமா மேடம்? நான் எழுதிப் போட்டுட்டேன் மேடம். வர்றதே துளி. எல்லாருக்கும் வேணுமேன்னு ஆளுக்கு ஒரு மாசத்துக்குத்தான் குடுக்கறேன். என் மேல தப்பு இல்லை மேடம்."

"உங்களைத் திட்டறதுக்குப் பண்ணலைம்மா. தீர்ந்ததும் திரும்பி வர்றாங்களா?"

"வராம? மாசம் பொறந்தா வாசல்ல கூட்டம். வந்தா வாங்கிட்டுப் பேசாமப் போவாங்களா? இரையுது, கிணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு, மருமக பேசறது மட்டும் புரியலைன்னு ஆயிரம் குறை. சொல்லச் சொல்ல நானும் மாத்தி மாத்தி வச்சு அனுப்பறேன். இல்லாட்டி எழுந்திருக்க மாட்டேங்கறாங்க மேடம்."

"பேட்டரி தாராளமா வந்தப்போ?"

"அப்ப ஆறு மாசத்துக்கும் சேர்த்துக் குடுத்துடுவோம். அதோட சரி, ஆளையே பாக்க முடியாது. அவங்க மெஷினெல்லாம் இப்பவும் வீட்டுல பத்திரமா இருக்கும்."

"எந்த மாசத்துலேருந்து பேட்டரி குறைஞ்சுதுன்னு சொல்ல முடியுமா?"

சொன்னாள். தராசு அலுவலகத்துக்குப் போன் செய்து துறைமுகத்துப் பெயர்களை அந்த மாதத்துக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னாள். அப்படியே மற்ற ஊர்க்காரர்கள் சிலருக்குப் போன் போட்டு, 'கேட்கிறதா' என்று கேட்காமல் 'என்ன கேட்கிறது' என்று கேட்கவும் சொன்னாள். தன் புருஷன் ஒருத்தரை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுக்கே எழுத முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஆனால் புருஷன் ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் அல்லவா? டிராயரைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் மெஷின் பொருத்தும் பெண் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் பின்னால் போய் நின்றாள். "ஐயா, கேக்கு..."

"அப்படிக் கேக்காதீங்க" என்றாள் தராசு. "வாயைப் பேப்பரால மறைச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் அதையே திருப்பிச் சொல்லட்டும். ஃபேனையும் போட்டுக்கலாமா?"

ஃபேன் சுற்றியது.

"காசு."

"காது" என்றார் அவர்.

"பட்டு."

"பத்து."

அந்தப் பெண்ணுக்கே வியப்பாகிவிட்டது. 'கேட்கிறது' என்று சிரித்துக்கொண்டே போன அதே மனிதர்! உட்கார்ந்து எதையோ இறக்கினாள், எதையோ ஏற்றினாள். காலர் உரசுகிறது என்றார், குறைத்தாள். கிணற்றுக் குரல் என்றார், மாற்றினாள்.

"காசு."

"கா... காசு."

"இன்னும் சில வாரம் குழப்பமா இருக்கும். மறந்துபோன சத்தமெல்லாம் மூளைக்குப் புதுசு. கழட்டிடாதீங்க. அடுத்த மாசம் வந்து சொல்லுங்க, மறுபடி பாக்கலாம்" என்றாள் அந்தப் பெண். பிறகு தராசைப் பார்த்து, "நீங்களும் ஒண்ணு சொல்லிப் பாருங்க" என்றாள்.

தராசு அவருக்குப் பின்னால் போய் நின்றாள். என்ன சொல்வது? பல வருஷங்களாக இவரிடம் எதையும் கத்தித்தான் சொல்லியிருக்கிறாள். உப்பு வேண்டுமா என்பதையும், உடம்புக்கு என்ன என்பதையும் ஒரே உரத்த குரலில். மெதுவாகச் சொல்ல வேண்டியவை எல்லாம் சொல்லாமலே நின்றுவிட்டன. மெதுவான குரல் தன்னிடம் இன்னும் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

"வீட்டுக்குப் போலாமா?"

"வீட்டுக்குப் போலாமா" என்று பரீட்சைப் பிள்ளை போல அப்படியே ஒப்பித்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"போலாம்" என்றார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் நுழையும்போதே பிரித்த பட்டியல் தயாராக இருந்தது. துறைமுகத்திலும் பேட்டரி தாராளமாக இருந்த மாதங்களில் மெஷின் வாங்கியவர்கள் டிராயர்க்காரர்கள்தான். தட்டுப்பாடு வந்த பிறகு வாங்கியவர்கள்தான் காதில் போட்டிருந்தார்கள். போனில் பேசிய மற்ற ஊர்க்காரர்களும் ஃபேன், தட்டு, காலர் என்றே புலம்பியிருந்தார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்ப ஆள் உக்காந்து பாக்கணும். அந்தச் சம்பளம்?"

"மெஷின் விலைக்கு முன்னாடி அது கொசுறு மேடம். அந்தக் கொசுறு இல்லாட்டி மெஷினே வீண்."

"மலையிலேருந்து வர்றவங்க? மாசா மாசம் எப்படி இறங்கி வருவாங்க?"

"முதல் சில மாசம் மட்டும் வந்தாப் போதும். காது பழகினதும் மொத்தமாக் குடுத்துடலாம். அந்த முதல் சில மாசத்துக்கு..." அவள் தயங்கினாள். "தெரியலை மேடம்."

"தெரியலைன்னே எழுது. நாளைக்குக் குழுவுல முதல் கேள்வியே அதுதான் வரும். உன்னை வெளியே உக்கார வச்சுட்டு நான்தான் பதில் சொல்லணும்." மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தொட்டிலை நான் விட்டுக்குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். ஆனா 'வேண்டாம்'கறதை அடிச்சுடு."

வெளிச்சம் போகும் முன்பே வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை எழுதத் தொடங்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார், காதில் மெஷினோடு. தையல் மெஷின் ஓடும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தார். ஆனால் கழற்றவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அத்தையிடம் போய் நின்றாள். அந்த வீட்டில் அப்பா இருக்கும்போது யாரும் ரகசியத்துக்குக் குரலைத் தாழ்த்தியதில்லை. தாழ்த்த வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

"அத்தை, அந்தத் தூரத்து ஊர் காலேஜுக்கு எழுதிப் போட்டேன்ல, இடம் கிடைச்சிடுச்சு. அப்பாவுக்கு மட்டும் இப்போ தெரியக் கூடாது."

கத்தரி நின்றது.

தராசு எழுதுவதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவளுக்கே இது புதுச் செய்தி. அவர் திரும்பவில்லை. கத்தரியை மறுபடி கல்லில் வைத்தார். அவளுக்கு மட்டும் எட்டும் குரலில், அத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கேட்டுடுச்சு. அவகிட்ட கேக்கட்டுமா, வேண்டாமா?"

அவளால் உடனே எடை போட முடியவில்லை. அவர் முழங்கையை லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கு விடை தெரிந்த ஒன்றுக்குத் திரும்பினாள். எழுதி முடித்தாள்.

'காது மெஷினைத் தனியாகக் கொடுக்க வேண்டாம். திரும்பி வருவதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். முதல் சில மாதங்களுக்குப் பேட்டரியை மாதம் ஒருமுறை மட்டும் தர வேண்டும். வாங்க வருகிறவரிடம் கேட்கிறதா என்று கேட்கக் கூடாது. வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். தவறிய சொற்களுக்குத் தக்கபடி அங்கேயே மெஷினைத் திருத்தி அனுப்ப வேண்டும்.'